மார்க் என்ற பெயரில்

2016-லிருந்து 2019 வரை நான் மார்க்காக இருந்தேன். மார்க் லண்டன்காரர், கேசினோ விஷயத்தில் 12 ஆண்டு அனுபவம் உள்ளவர், ஞாயிற்றுக்கிழமைகளில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போகிறவர். அறிமுகக் குறிப்பில் இவ்வளவும் இருந்தது. பக்கத்தில் சிரித்த முகத்தோடு யாரோ ஒருவரின் படம். நான் கோவை கணபதியில் மாடி போர்ஷனில் உட்கார்ந்து, கரண்ட் போனால் யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கவலையோடு, சொல்லுக்கு 40 பைசா வீதம் அவருடைய கருத்துகளை ஆங்கிலத்தில் தட்டிக்கொண்டிருந்தேன். சூதாட்டத்தில் என் சொந்த அனுபவம், தீபாவளிக்கு மறுநாள் சித்தப்பா வீட்டில் புளியங்கொட்டை வைத்து ஆடிய ரம்மியோடு சரி.

வேலை கொடுத்தது ஒரு சின்ன ஏஜென்சி. பிரிட்டனில் இருப்பவர்கள் 'நல்ல ஆன்லைன் கேசினோ எது' என்று தேடினால் வந்து விழும் பக்கங்களுக்கு நாங்கள் மதிப்புரை எழுதினோம். அந்தப் பக்கத்துப் பட்டனை அழுத்தி ஒருவர் கேசினோவில் கணக்குத் தொடங்கிப் பணம் கட்டினால், அவர் யார் வழியாக வந்தார் என்பது பதிவாகிவிடும். அனுப்பி வைத்தவருக்குத் தரகு. இந்த ஏற்பாட்டின் பெயர்தான் அஃபிலியேட் புரோகிராம்.

மாதத் தொடக்கத்தில் எனக்கு ஒரு எக்செல் தாள் வரும். எந்தக் கேசினோவுக்கு முதலிடம், எதற்கு இரண்டாமிடம், யாருக்கு 4.8 நட்சத்திரம், யாருக்கு 4.3 என்று அதில் ஏற்கெனவே நிரப்பியிருக்கும். காரணங்களை நான் எழுத வேண்டும். போன மாதம் ஐந்தாமிடத்தில் இருந்த கேசினோ இந்த மாதம் முதலிடத்துக்கு ஏறியிருந்தால், மார்க் அதன் வாடிக்கையாளர் சேவையைப் புதிதாகக் கண்டுபிடித்து வியக்க வேண்டும். முதலிடத்துக்குத் தனி வாடகை உண்டு என்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

தரகு இரண்டு விதமாக வரும். ஒன்று ஆள் கணக்கு. ஒருவர் சேர்ந்து குறிப்பிட்ட தொகை கட்டியதும் தலைக்கு இவ்வளவு என்று ஒரே தடவையில் கொடுத்து முடித்துவிடுவார்கள். தொழிலில் சிபிஏ என்பார்கள். இன்னொன்று பங்குக் கணக்கு, ரெவ்ஷேர். நாம் அனுப்பிய ஆளிடமிருந்து கேசினோவுக்குக் கிடைக்கும் வருமானத்தில் போனஸ், வரி, கட்டணம் எல்லாம் கழித்து மிச்சத்தில் பொதுவாக 25 முதல் 45 சதவீதம் வரை நமக்கு. பல ஒப்பந்தங்களில் அந்த ஆள் ஆடுகிற காலம் முழுக்க. வருமானம் என்று ஒப்பந்தத்தில் மரியாதையாக எழுதியிருக்கும். கேசினோவின் வருமானம் என்பது ஆடியவர் தோற்ற பணம், வேறெங்கிருந்தும் அது வருவதில்லை. ஒருவர் 200 பவுண்டு தோற்று, கழிவெல்லாம் போக 160 நின்றால், 30 சதவீதப் பங்கில் 48 பவுண்டு மார்க்குக்கு. அதாவது மார்க்கின் முதலாளிக்கு. எனக்கு அதே 40 பைசாதான்.

நெகட்டிவ் கேரிஓவர் என்று ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொண்ட அன்றுதான் இந்தத் தொழிலே எனக்குப் புரிந்தது. நாம் அனுப்பிய ஆள் ஒரு மாதம் பெரிதாக ஜெயித்துவிட்டால் நம் கணக்கு மைனஸில் போய்விடும். சில புரோகிராம்களில் மாதக் கடைசியில் அதை அழித்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்கள். சிலவற்றில் அந்த மைனஸ் அடுத்த மாதத்துக்கும் தொடரும், அந்த ஆளோ அவரைப் போன்ற வேறு ஆட்களோ அவ்வளவையும் தோற்று முடிக்கும்வரை நமக்குச் சல்லிக்காசு வராது. ஒரு நாள் ஏஜென்சியில் என்னோடு பேசும் அண்ணன் போன் செய்தார். "நம்ம ஆளு ஒருத்தன் ஸ்லாட்ல பெருசா அடிச்சுட்டான்ப்பா" என்றார். ஸ்லாட் என்பது பட்டனை அழுத்திப் படங்களைச் சுழலவிடும் ஆட்டம். அண்ணன் குரல் துக்க வீட்டில் பேசுவது போல இருந்தது. அந்த ஆளை ஜெயிக்க வரச் சொல்லி எழுதியவன் நான்.

'நியாயமான அஃபிலியேட் புரோகிராம்' என்று இந்தத் தொழிலில் பேசினால் அதற்கு ஒரு திட்டமான பொருள் இருக்கிறது. தரகை 15-ஆம் தேதிக்குள் போடுகிறார்களா, மைனஸைத் தொடர விடுகிறார்களா, மாதத்துக்கு இத்தனை புது ஆள் கொண்டுவராவிட்டால் பங்கைக் குறைப்போம் என்று நிபந்தனை வைக்கிறார்களா, நாம் அனுப்பிய ஆட்களில் சிலரைக் கணக்கில் காட்டாமல் முழுங்குகிறார்களா, பழைய ஆட்களுக்கும் சேர்த்து ஒப்பந்தத்தை நடுவில் மாற்றுகிறார்களா. எங்கள் எக்செல் தாளிலும் இதே தலைப்புகள்தான். இவை எல்லாமே கடைக்காரருக்கும் தரகருக்கும் நடுவில் உள்ள நியாயம். பணம் கட்டி ஆடுகிறவர் அந்தத் தாளில் ஒரு எண்ணாக மட்டும் வருவார்.

அதனால் அந்தத் தலைப்புகள் ஆடுகிறவருக்கு உதவவே உதவாது என்றும் சொல்ல மாட்டேன். எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தைத் தரகரிடமே முன்தேதியிட்டு மாற்றுகிற கேசினோ நிறுவனம், ஜெயித்த பணத்தை ஒருவர் எடுக்க வரும்போது மட்டும் தர்மபுத்திரனாக மாறிவிடுவதில்லை. நான் பார்த்தவரை, தரகு போடத் தாமதித்த கேசினோக்களில்தான் பணம் எடுப்பதற்கும் ஒவ்வொரு ஆவணமாகக் கேட்டு நாளைக் கடத்தினார்கள். ஆனால் இதைத் திருப்பிப் போட்டால் சரிவராது. தரகருக்குக் கச்சிதமாக நடந்துகொள்ளும் புரோகிராம் ஆடுகிறவருக்கும் நல்லது என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். தரகரை மகிழ்விக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று மேலேயே பார்த்துவிட்டோமே.

என் பெரியப்பா பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் உடனே 'மர்மத் தொழில்' என்பார்கள். ஆனால் பெரியப்பாவுக்குத் தரகு எவ்வளவு என்பது வாங்குகிறவர், விற்கிறவர் இருவருக்கும் தெரியும். மாடு வீட்டுக்குப் போய்ப் பால் கறக்க விடாமல் உதைத்தால், அடுத்த வாரம் அதே சந்தையில் அதே ஆள் பெரியப்பாவின் துண்டைப் பிடித்து இழுப்பார். ஒரு தடவை இழுத்தும் இருக்கிறார். மாடு உதைக்க உதைக்கத் தரகருக்கு மாதாமாதம் பங்கு வரும் என்று ஓர் ஏற்பாடு இருந்திருந்தால், சந்தையில் எந்த மாடு நல்ல மாடு என்று பெரியப்பாவிடம் கேட்டு என்ன பயன்?

ஒரு கேசினோ மதிப்புரையைப் பற்றி யாராவது கேட்டால், எழுதியவருக்கு ஆள் கணக்கா, பங்குக் கணக்கா என்பதைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஆள் கணக்கு சுத்தமானது என்று சொல்லவில்லை, அதில் எப்படியாவது ஒருவரை டெபாசிட் கட்ட வைத்துவிட வேண்டும் என்ற அவசரம் இருக்கிறது. பங்குக் கணக்கில் அந்த அவசரம் இல்லை, பொறுமை இருக்கிறது. நிறையத் தோற்பவரை நிறைய நாள் ஆட வைக்கும் பொறுமை. எனக்கு அதுதான் அதிகப் பயம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இந்த வித்தியாசத்தைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆள் கணக்கில் வாங்கும் அஃபிலியேட் விற்பனையாளராகப் பதிவு செய்தால் போதும், பங்கு வாங்குகிறவர் அதைவிடக் கடுமையான சோதனைக்கு உட்பட்டு லைசென்ஸ் எடுக்க வேண்டும். கல்லாப் பெட்டியில் கை வைக்கிறவரை யார் என்று பார்க்காமல் விடக் கூடாது என்ற எண்ணம். பிரிட்டனில் அஃபிலியேட்டுகளுக்குத் தனி லைசென்ஸ் இல்லை. அங்கே வழி வேறு. அஃபிலியேட் செய்கிற தப்புக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் கேசினோதான் பொறுப்பு என்று சூதாட்ட ஆணையத்தின் விதி சொல்கிறது.

அந்த விதி எங்கள் மாடி போர்ஷன்வரை வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். 2017 செப்டம்பரில் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் சில விளம்பரங்களைத் தடை செய்தது. செய்திக் கட்டுரை போல் எழுதப்பட்டவை அவை. கடனில் மூழ்கிய ஒருவர், மனைவிக்குத் தீராத நோய், கேசினோவில் ஆடினார், எல்லாம் தீர்ந்தது என்று கதை. கதையின் முடிவில் இருந்த இணைப்புகள் லேட்புரோக்ஸ், ஸ்கை வேகாஸ், 888, கேசுமோ ஆகிய நிறுவனங்களுக்குப் போயின. எழுதியது நாங்கள் இல்லை, அஃபிலியேட் என்பதுதான் அவர்களின் பதில். அது எடுபடவில்லை. அதே ஆண்டு ஸ்கை பெட்டிங் நிறுவனம் தன் அஃபிலியேட் புரோகிராமையே இழுத்து மூடியது. 2018 மே மாதம் லியோவேகாஸ் என்ற ஆன்லைன் கேசினோவுக்குச் சூதாட்ட ஆணையம் 6 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. அந்த வழக்கில் அவர்களும் அவர்களுடைய அஃபிலியேட்டுகளும் வெளியிட்ட தவறான விளம்பரங்களும் இருந்தன, சூதாட்டம் வேண்டாம் என்று தாங்களாகவே விலகிக்கொண்டவர்களுக்கு விளம்பரம் அனுப்பியதும் இருந்தது.

எங்களுக்கு என்ன ஆயிற்று? ஒரு வியாழக்கிழமை மாலை அவசர மெயில். 'இலவசம்' என்ற சொல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் எடு, போனஸின் முக்கிய நிபந்தனைகளைப் பட்டனுக்குப் பக்கத்திலேயே போடு, 18+ குறி போடு. இரண்டு இரவு உட்கார்ந்து 140 பக்கங்களைத் திருத்தினேன். அந்தக் கற்பனைக் கடன்காரர் கதையைப் படித்துவிட்டு 'நல்லவேளை நான் எழுதவில்லை' என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. நான் எழுதியது அதைவிட எவ்வளவு மேல் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

போனஸ் கணக்கை அந்த இரண்டு இரவுகளில்தான் முதல் தடவையாகப் போட்டுப் பார்த்தேன். 100 பவுண்டு கட்டினால் 100 பவுண்டு போனஸ், ஜெயித்ததை எடுப்பதற்கு முன் 35 மடங்கு தொகைக்குப் பந்தயம் கட்டி ஆடியிருக்க வேண்டும் என்று நிபந்தனை. அன்றைக்கு இது சகஜம். போனஸ் தொகைக்கு மட்டும் கணக்கு என்றாலும் 3,500 பவுண்டுக்கு ஆட வேண்டும். ஸ்லாட் 96 சதவீதம் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 3,500-இல் 4 சதவீதம் 140 பவுண்டு. நூறு பவுண்டு பரிசை வாங்குவதற்குச் சராசரியாக 140 பவுண்டு விட வேண்டும். சராசரிதான், ஒருவருக்கு அதிர்ஷ்டம் அடிக்கலாம். அப்படி அடித்தாலும் போனஸ் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு 5 பவுண்டுக்கு மேல் கட்டினீர்கள், ஆகவே ஜெயித்தது செல்லாது என்று ஒரு வரி எங்காவது படுத்திருக்கும். மார்க் இந்த போனஸைத் 'தாராளம்' என்று வர்ணித்திருந்தார். இப்போது பிரிட்டனில் 2026 ஜனவரியிலிருந்து 10 மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது. அதற்கு முன்பே 2018-இல் அங்கே வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் தலையிட்டு, ஆடுகிறவர் தன் சொந்தப் பணத்தை எடுப்பதற்குக்கூட இத்தனை தடவை ஆடியாக வேண்டும் என்று கட்டிப்போடும் வழக்கத்தை நிறுத்தச் சில பெரிய நிறுவனங்களிடம் உறுதி வாங்கியது.

அந்த 96 சதவீதத்தையும் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன், நூறு கொண்டுபோனால் தொண்ணூற்றாறு மிஞ்சும் என்ற தொனியில். அது ஒவ்வொரு சுற்றுக்குமான கணக்கு. ஒரு பவுண்டு வீதம் நிமிடத்துக்குப் பத்துச் சுற்று என்றால் மணிக்கு 600 பவுண்டு மேசையில் உருண்டிருக்கும், அதில் 24 பவுண்டு போயிருக்கும். போதாததற்கு, ஒரே ஸ்லாட்டைத் தயாரிப்பாளர்களே 96, 94, 91 என்று பல விகிதங்களில் செய்து விற்கிறார்கள், கேசினோ தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மதிப்புரையில் எப்போதும் பெரிய எண்தான் இருக்கும். ஆட்டத்துக்குள் இருக்கும் தகவல் திரையைத் திறந்து பார்த்தால்தான் அங்கே ஓடுவது எந்த விகிதம் என்று தெரியும். ஈகோக்ரா போன்ற சோதனை நிறுவனத்தின் முத்திரை இருந்தால், எண்கள் தற்செயலாகத்தான் விழுகின்றன, யாரும் உள்ளே கை வைக்கவில்லை என்று பொருள். பகடை ஒழுங்காக உருள்கிறது என்பதற்குத்தான் அந்தச் சான்று. உருண்டால் யாருக்கு லாபம் என்பது வேறு.

லைசென்ஸ் பார்ப்பது சுலபம், அதனால்தானோ என்னவோ யாரும் பார்ப்பதில்லை. பிரிட்டன் ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் அதன் இணைய முகவரிகளே பட்டியலாக வரும். பக்கத்தின் அடியில் இருக்கும் சின்னம் வெறும் படமாக இருந்து, அழுத்தினால் எங்கும் போகவில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம். கரீபியன் தீவான குராசோவின் லைசென்ஸ் என்றால் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அங்கே நீண்ட காலம் நான்கே நான்கு தலைமை லைசென்ஸ்காரர்கள், அவர்களுக்குக் கீழே உள்வாடகைக்கு எடுத்தது போல எண்ணற்ற கேசினோக்கள். தகராறு என்றால் யாரிடம் போவது என்றே தெரியாது. 2024 டிசம்பரில் புதுச் சட்டம் வந்து அந்த உள்வாடகை முறையை முடித்துவைத்தது.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்ற ஏற்பாடு 2018-இல் வந்தது. என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை, என்னை எந்தக் கேசினோவும் உள்ளே விடாதீர்கள் என்று ஒருவர் அதில் பெயர் கொடுத்துவிடலாம். 2020 மார்ச் 31-லிருந்து லைசென்ஸ் பெற்ற எல்லா ஆன்லைன் நிறுவனங்களும் அதில் கட்டாயம் சேர வேண்டும் என்று ஆனது. நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு எக்செல் தாளில் ஒரு புதுத் தலைப்பு வந்தது: 'கேம்ஸ்டாப்பில் இல்லாத கேசினோக்கள்'. வெளிநாட்டு லைசென்ஸில் ஓடுபவை. தரகு விகிதம் மற்றவற்றைவிட அதிகம்.

அந்தச் சொற்களை யார் தேடுவார்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுகிறவருக்கு அந்தத் தேடலே தேவைப்படாது. வீட்டுச் சாவியைப் பெண்டாட்டியிடம் கொடுத்து, நான் கேட்டாலும் தராதே என்று சொன்னவர், நள்ளிரவில் எழுந்து கொல்லைக் கதவைத் தடவுகிறார். அங்கே போய் டார்ச் அடிக்கிற வேலை அது. நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இல்லை, எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீரமாக வெளியே வந்தேன் என்று எழுதத்தான் ஆசை. நான்கு பக்கத்தையும் எழுதி, 1,600 ரூபாயையும் வாங்கிக்கொண்டு, இரண்டு மாதம் கழித்து வேறு வேலை கிடைத்த பிறகுதான் விட்டேன். இன்றைக்கு ஓர் அஃபிலியேட் புரோகிராமை எடைபோடச் சொன்னால், இப்படிப்பட்ட பக்கங்களை அது அனுமதிக்கிறதா என்று பார்ப்பேன். அனுமதித்தால் மீதி ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டியதில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன், பாலிடெக்னிக் படிக்கிறவன், போனைக் கொண்டுவந்து காட்டினான். டெலிகிராமில் ஏதோ சேனல். ஏவியேட்டர் ஆட்டத்தில் விமானம் ஏற ஏறக் கட்டிய பணம் பெருகும், அது மறைவதற்குள் எடுத்துவிட வேண்டும். விமானம் எப்போது மறையும் என்று முன்கூட்டியே சொல்லும் 'பிரெடிக்டர்' இலவசமாம். ஒரே நிபந்தனை, அவர்கள் கொடுக்கும் ரெஃபரல் கோடைப் போட்டுக் கணக்குத் தொடங்கி 500 ரூபாய் கட்ட வேண்டும். "நம்பலாமுங்களாண்ணா? நீங்க இந்த வேலைல இருந்தீங்கனு அம்மா சொன்னாங்க" என்றான்.

அம்மா வேறு என்னவெல்லாம் சொல்லியிருக்கிறார்களோ.

"அந்தக் கோடு எதுக்குடா?" என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். நீ தோற்கிறதில் அவனுக்குப் பங்கு, அதற்குத்தான் கோடு என்றேன். நம்பாமல் பார்த்தான். அந்த ஆட்டத்தில் விமானம் எங்கே மறையும் என்பது, சர்வர் வைத்திருக்கும் ரகசிய எண்ணும் அந்தச் சுற்றில் முதலில் பணம் கட்டிய மூன்று பேரின் எண்களும் சேர்ந்து முடிவாவது. சுற்று தொடங்குமுன் அதை எந்த ஆப்பும் கணிக்க முடியாது. நிஜமாகவே கணிக்கத் தெரிந்தவன் உன் 500 ரூபாய்க்குக் கை நீட்டுவானா என்றேன். அப்புறம் சட்டத்தையும் சொன்னேன். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டப்படி, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடு முழுக்கத் தடை. அவற்றுக்கு விளம்பரம் செய்தாலே 2 ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். இந்தக் கோடை நீ நாலு பேருக்கு ஃபார்வர்ட் செய்தால் நீயும் தரகன்தான் என்றேன். அதற்குத்தான் கொஞ்சம் பயந்தான். 500 ரூபாய் போவதற்குப் பயப்படவில்லை.

அவன் போன பிறகு, பல வருடம் கழித்து, மார்க்கின் பழைய பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். இருக்கிறது. மேலே 'இந்த மாதம் புதுப்பிக்கப்பட்டது' என்று தேதி. படம் மாறிவிட்டது, இப்போது கண்ணாடி போட்ட வேறு யாரோ. நாய் அப்படியே இருக்கிறது. அனுபவம் 20 ஆண்டாகியிருக்கிறது.